பசியைப் பரிகசிக்கும் பட்டணம்

அக்ராப் பட்டணத்தில் வருஷத்துக்கு ஒரு மாதம் யாரும் மேளம் கொட்டக் கூடாது. கலியாண வீட்டாரும் கொட்டக் கூடாது. மாதா கோயில்காரர்களும் கொட்டக் கூடாது. வைகாசி, ஆனி வாக்கில் அவ்வூர்ப் பழங்குடிகளான கா சமூகத்தாரின் பூசாரிகள் புனிதமான ஒரு பாத்தியில் மக்காச்சோளத்தை விதைக்கிறார்கள். முளை கிளம்பி நிமிரும் வரையில் அதன் காதில் இரைச்சல் விழக் கூடாதாம். நம் ஊரில் ஒலிபெருக்கி கட்டும் அன்பர்கள் இந்தச் சம்பிரதாயத்தைக் கேட்டால் மூர்ச்சை போட்டு விடுவார்கள்.

கதிர் விளைந்த பிறகு ஆவணி வாக்கில் ஒரு சனிக்கிழமை 'ஹோமோவோ' என்ற பண்டிகை வருகிறது. அச்சொல்லுக்குப் 'பசியைப் பார்த்துக் கூவிப் பரிகசித்தல்' என்று பொருள். முன்னொரு காலத்தில் கா ஜனங்கள் பெரும் பஞ்சத்தில் அகப்பட்டுத் தவித்தார்களாம். பிறகு மழை பெய்தது. சோளம் மலையாய் விளைந்தது. வயிறு நிரம்பியவர்கள் தங்களைப் படாத பாடு படுத்திய பசியைப் பார்த்து எக்காளமிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் இன்று வரையில் பண்டிகையாக நடந்து வருகிறது.

பசிக்கு இவ்வளவு பெரிய அவமரியாதை செய்கிற அதே ஜனங்களின் பாஷையிலிருந்துதான், உலகத்து வைத்திய நூல்களிலெல்லாம் பசிநோய் ஒன்றுக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள். 'குவாஷியோர்க்கர்' என்பது அந்தப் பெயர். அது பிறந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்று எனக்கு நெடுநாளாக ஆசை. ஆசைக்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து துபாய் வழியாக அக்ராவுக்குப் போய்ச் சேர்ந்தேன். விமானப் பிரயாணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பக்கத்து ஆசனத்தார் குறட்டை விட்டார். ஊருக்குள் நுழைந்ததும் "அக்வாபா" என்று எழுதிய பலகைகள் வரவேற்கின்றன. 'நல்வரவு' என்று அர்த்தம். எனக்கு வாய்த்த டிரைவர் நல்ல பிள்ளை. ஆங்கிலம் சரளமாகப் பேசினான். "ஐயா, முதலில் கடற்கரை அரண்மனையா, கடைவீதியா?" என்று கேட்டான். "ஜேம்ஸ் டவுனுக்குப் போ, தம்பி" என்றேன். அவன் முகத்தில் சற்று ஆச்சரியம் தோன்றியது. பணக்காரப் பிரயாணிகள் அங்கே பகலில் ஒரு மணி நேரம் நின்று படம் பிடித்துக் கொண்டு திரும்பி விடுவது வழக்கம் போலும்.

ஜேம்ஸ் டவுன் என்பது கினி வளைகுடாவின் கரையில் பழைய அக்ராவின் ஒரு பகுதி. 1673-ஆம் வருஷத்தில் ஆங்கிலேய வியாபாரிகள் கட்டிய கோட்டை ஒன்று இருக்கிறது. பிற்காலத்தில் அதைச் சிறைச்சாலையாக்கினார்கள். நாடு 'கோல்ட் கோஸ்ட்' என்ற பெயரோடு பிரிட்டிஷார் கையில் இருந்த காலத்தில், 1950-இல், குவாமே எங்க்ருமாவை அதில் அடைத்தார்கள். அவர் சிறைக்குள் இருந்தபடியே 1951-ஆம் வருஷத் தேர்தலில் ஜயித்தார். 1957-ஆம் வருஷம் மார்ச்சு 6-ஆந் தேதி கானா சுதந்திரம் பெற்றது. கோட்டைச் சுவர் இப்போது உப்புக் காற்றில் உதிர்ந்து கொண்டிருக்கிறது. அதன் கீழே பல வர்ணக் கொடிகளும், வேதவாக்கியங்களும், கால்பந்து வீரர்களின் பெயர்களும் தீட்டிய மரத் தோணிகள் வரிசையாக நிற்கின்றன. மணலிலும் சந்துகளிலும் மீன் புகையும் அடுப்புகள். தகரக் கூரைகள் தோளோடு தோள் இடிக்கும் முற்றங்களில் ஐந்தாறு குடும்பங்கள் ஒரே குழாயை நம்பி வாழ்கின்றன.

நான் போனது செவ்வாய்க்கிழமை. கா செம்படவர் செவ்வாயன்று கடலுக்குள் இறங்குவதில்லை. அன்று கடலுக்கு ஓய்வு நாள். ஆகவே ஆண்மக்களெல்லாம் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு பொத்தல் தைத்துக் கொண்டிருந்தார்கள். ஸ்திரீகளுக்கு மட்டும் எந்தத் தேசத்திலும் ஓய்வு நாள் கிடையாது போலிருக்கிறது. ஒரு மூலையில், வயது எழுபதுக்குக் குறையாத ஓர் அம்மாள் பிரம்மாண்டமான பானையின் முன் உட்கார்ந்து 'கென்கே' அவித்துக் கொண்டிருந்தார். தெருவில் எல்லாரும் அவரை 'ஆன்ட்டி' என்று அழைத்தார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

கென்கே என்பது கா ஜனங்களின் சோறு. மக்காச்சோளத்தை இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, அரைத்து, மாவைப் புளிக்க விடுகிறார்கள். புளித்த மாவில் ஒரு பாதியைக் களி போல் கிளறி, மற்றப் பாதியான பச்சை மாவோடு சேர்த்துப் பிசைந்து, உருண்டை பிடித்து, சோளக் கதிரின் மேல்தோலில் பொதிந்து மணிக்கணக்காக அவிக்கிறார்கள். பிரித்தால் நம் கொழுக்கட்டைக்குத் தமையன் மாதிரி இருக்கும். வாயில் வைத்தால் புளித்த கேழ்வரகுக் கூழின் ஞாபகம் வரும். பச்சை மிளகாய், தக்காளி, வெங்காயம் மூன்றையும் மண்சட்டியில் நசுக்கிய துவையலும் பொரித்த மீனும் அதற்குத் துணை. ஆன்ட்டி தம் பங்கை எடுத்து வாயில் போடுவதற்கு முன் என்னைப் பார்த்து, "நீங்கள் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்று சொன்னார். நான் விழித்தேன். டிரைவர் விளக்கினான்: இந்நாட்டில் சாப்பிடுகிறவர் முன் யார் எதிர்ப்பட்டாலும் அப்படிச் சொல்லாமல் சாப்பிடக் கூடாதாம். "சாப்பிட வாருங்கள்" என்று திண்ணையிலிருந்து கூப்பிடும் நம் கிராமத்து மரியாதைதான், கடல் கடந்து வேறு வார்த்தையில் என் எதிரே நின்றது. உட்கார்ந்து விட்டேன்.

மீனும் துவையலும் சேர்ந்த கென்கே பெரியவர்களுக்கு நல்ல ஆகாரம். பால் மறந்த குழந்தையின் கதை வேறு. அதே புளித்த மாவைத் தண்ணீராகக் கரைத்துக் காய்ச்சிய 'கோகோ' என்னும் கஞ்சியே அதற்குக் கிடைக்கிறது. சாக்லெட்டுச் செய்யும் கோக்கோ அல்ல. பெயர் மட்டும் ஒற்றுமை. மக்காச்சோளத்தில் மாச்சத்து உண்டு. ஆனால் உடம்பு வளர்வதற்கு அத்தியாவசியமான லைசின், டிரிப்டோபேன் என்னும் இரண்டு புரதக் கூறுகள் அதில் மிகவும் குறைவு. மீன் குறவர் வீட்டுக் குழந்தைக்குக் கூட மீன் முள்ளுக்குப் பயந்தோ, விலைக்குப் பயந்தோ கிடைப்பதில்லை. குழந்தையின் வயிறும் சிறியது. நீர்க் கஞ்சியால் அது சீக்கிரம் நிரம்பிவிடும். பசி அடங்கும், உடம்பு பட்டினி கிடக்கும்.

இதை முதன்முதலில் கண்டு எழுதியவர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்னும் டாக்டரம்மாள். ஜமைக்காத் தீவில் 1893-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, 1929-இல் காலனி சர்க்காரின் வைத்திய உத்தியோகத்தில் கோல்ட் கோஸ்டுக்கு வந்தார். மகோலாக் கடைவீதிக்கு அருகே 1926-இல் திறந்த பிரின்சஸ் மேரி லூயிஸ் குழந்தைகள் வைத்தியசாலையில் அவர் வேலை பார்த்தார். அந்த வைத்தியசாலை இன்றும் நடக்கிறது. ஒன்று முதல் நாலு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தாய்மார் தூக்கி வந்தார்கள். கைகால் வீங்கியிருக்கும், கன்னம் உப்பியிருக்கும். பார்க்கிறவர்கள் கொழுகொழுவென்றிருப்பதாக ஏமாந்து போவார்கள். கருத்த சுருட்டை மயிர் செம்பட்டையாகி நீண்டு தொங்கும். தோல் கறுத்துத் திட்டுத் திட்டாக உரியும். குழந்தை சிரிக்காது, விளையாடாது, தொட்டால் சிணுங்கும். ஆரம்பத்திலேயே வந்தவர்களுக்குப் பால் கொடுத்துத் தேற்ற முடிந்தது, மற்றவர்கள் இறந்தார்கள்.

1933-இல் டாக்டரம்மாள் இதைப் புதிய வியாதி என்று எழுதினார். லண்டனிலிருந்த பெரிய வைத்தியர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஏற்கெனவே தெரிந்த 'பெலக்ரா'தான் அது என்றார்கள். அந்த அம்மாள் 1935-இல் மறுபடியும் 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். இந்தத் தடவை வியாதிக்குக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் பெயர் தேடவில்லை. தாய்மார் என்ன பெயரிட்டு அழைத்தார்களோ அதையே வைத்தார். குவாஷியோர்க்கர் என்ற கா சொல்லுக்கு, 'அடுத்த குழந்தை பிறக்கும்போது முந்தைய குழந்தைக்கு வரும் நோய்' என்று கருத்து. வியாதியின் காரணம், காலம், நோயாளி எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. எழுத்தறியாத தாய்மார் அதை எத்தனையோ காலமாக அறிந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் காரணத்தைச் சொல்லி விடுகிறேன். நம் பாஷையிலும் அச்சொல் இருக்கிறது. தாய் மறுபடியும் கர்ப்பமாகிப் பால் வற்றினால் மெலிந்து போகிற குழந்தையைச் 'சவலை' என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். எனக்கு முன் பிறந்த அக்காள் ஒருத்தி சவலையாகி, இரண்டு வயது முடிவதற்குள் இறந்து போனாள். அவளுக்குப் படம் கிடையாது. "நீ வயிற்றில் வந்தாய், அவள் வாடினாள்" என்று பாட்டி என்னிடம் ஒரு முறை சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை, மழை வந்தது, ஆறு பெருகியது என்பது போல் சொன்னாள். நானும் அப்போது சிறுவன். கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டேன். அக்ராவில் அந்தக் கா சொல்லின் அர்த்தத்தை ஒருவர் வாயால் கேட்டபோது மட்டும் சற்று நேரம் எனக்குப் பேச்சு எழவில்லை.

வில்லியம்ஸ் அம்மாளை அதிகாரிகள் 1936-இல் மலேயாவுக்கு மாற்றி விட்டார்கள். மேலதிகாரியோடு அவருக்கு ஒத்துப் போகவில்லை. அங்கே போயும் அவர் சும்மா இருக்கவில்லை. தாய்ப்பாலுக்குப் பதிலாக டப்பாப் பாலை விற்பதற்கு, நர்ஸ் போல உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பியதைக் கண்டு கொதித்தார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பிரசங்கம் செய்தார். பிறகு ஜப்பானியரிடம் சிறைப்பட்டுச் சாங்கியில் துன்பப்பட்டார். உலக சுகாதார ஸ்தாபனத்தில் தாய் சேய் நலப் பகுதிக்கு 1948-இல் முதல் தலைவரானார். 1992 வரையில் ஜீவித்திருந்தார்.

ஆனால் இந்த வியாதி அவர் நினைத்ததைக் காட்டிலும் கள்ளத்தனமானது. புரதக் குறைவுதான் முழுக் காரணம் என்று உலகம் வெகு காலம் நம்பியது. அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் நம் சேலத்தில் பிறந்தவர் என்பதை நேயர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். குன்னூரிலும் ஹைதராபாத்திலும் போஷணை ஆராய்ச்சி செய்த டாக்டர் சி. கோபாலன்தான் அவர், 2019-இல் நூறு வயது கடந்து காலமானார். ஒரே மாதிரி ஆகாரம் உண்ட குழந்தைகளில் சிலர் வீங்குகிறார்கள், சிலர் எலும்பும் தோலுமாய் வற்றுகிறார்கள் என்பதை 1968-இல் எடுத்துக் காட்டினார். ஆப்பிரிக்காவிலேயே மலாவி நாட்டில், ஒரே வீட்டில் ஒரே கஞ்சி குடிக்கும் இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு வியாதி வந்து மற்றொன்றுக்கு வராதிருப்பதை ஆராய்ந்து, 2013-இல் வேறொரு கூட்டத்தார் எழுதினார்கள். குடலுக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் கை இருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. சிகிச்சையும் மாறிவிட்டது. வீங்கிய குழந்தைக்கு எடுத்தவுடனே புரதத்தை வாரிக் கொட்டினால் ஆபத்து. முதலில் உடம்புச் சூட்டையும் ரத்தத்தில் சர்க்கரையையும் காக்க வேண்டும். கிருமிக்கு மருந்து தர வேண்டும். புரதம் குறைந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். பசி திரும்பிய பிறகுதான் கெட்டியான ஆகாரம். இப்போது வேர்க்கடலை, பால்மாவு, எண்ணெய், சர்க்கரை, வைட்டமின்கள் சேர்த்து அரைத்த பசையைச் சிறு பொட்டலமாகத் தருகிறார்கள். தொண்ணூற்றிரண்டு கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. காய்ச்ச வேண்டாம், தண்ணீர் வேண்டாம். தாயே வீட்டில் ஊட்டலாம்.

ஆன்ட்டியின் பேரன் ஒருவனுக்கு அந்தப் பொட்டலம் தேவைப்படுமோ என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. மகளுக்கு மூன்று வாரத்துக்கு முன் பெண் குழந்தை பிறந்திருந்தது. மூத்தவனுக்கு வயது ஒன்றரை. மறுநாள் எடை பார்க்கும் நாள். நானும் கூடப் போனேன். ஒரு வேப்ப மரத்தடியில் தராசைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கால்சட்டை போன்ற ஒரு பையில் குழந்தையை நுழைத்து மாட்டினால், அது நாலு பக்கமும் கால்களை உதைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறது. எடை பார்த்ததும் தாதி ஒரு நாடாவை எடுத்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் அதில் உண்டு. இடது புயத்தின் நடுவில் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றளவு 125 மில்லி மீட்டருக்கு மேலிருந்தால் பச்சை. 115-க்குக் கீழே போனால் சிவப்பு. ஒரு சாண் காகித நாடாவுக்கு முன்னால் அத்தனை தாய்மாரும் பரீட்சை முடிவு பார்க்கும் பிள்ளைகளைப் போல நின்றார்கள்.

பேரனுக்கு மஞ்சள் வந்தது.

"பயப்படாதீர்கள், ஆன்ட்டி. இன்னும் நேரமிருக்கிறது. கோகோவை மட்டும் கொடுக்காதீர்கள்; காராமணியும் வேர்க்கடலையும் வறுத்துப் பொடித்து அதில் போடுங்கள். சின்ன மீனைத் தலையோடு இடித்துப் போடுங்கள். தாய்ப்பாலையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், இரண்டு குழந்தைக்கும் கொடுக்கலாம்" என்றாள் தாதி.

"மீனா? என் புருஷன் காலத்தில் மீனை நாய்க்குப் போட்டோம். இப்போது மீன் எங்கே இருக்கிறது?" என்றார் ஆன்ட்டி.

அவர் சொன்னதில் மிகை அதிகமில்லை. பெரிய இயந்திரக் கப்பல்கள் கடலை அரித்தெடுத்து விட்டதால், கரையோரத் தோணிக்காரருக்கு அகப்படும் மத்தி வகைகள் மிகவும் குறைந்து விட்டன. மீன் இனம் பெருகட்டும் என்று 2019 முதல் தோணிக்காரருக்கும் சில வாரம் தடை விதிக்கலானார்கள். கடலில் மீன் குறைந்தால் தராசில் குழந்தை குறைகிறது. நடுவே வேறு கணக்கு எதுவும் இல்லை.

சர்க்கார் கைகட்டி நிற்கவில்லை. சோளத்தோடு பயறும் வேர்க்கடலையும் கலந்த 'வீனிமிக்ஸ்' என்னும் குழந்தை மாவை 1980-களிலேயே பரப்பினார்கள். புரதக் கூறுகள் மிகுந்த புதிய மக்காச்சோளம் ஒன்றை கானா விஞ்ஞானிகள் 1992-இல் வெளியிட்டார்கள். அதற்கு 'ஒபட்டான்பா' என்று பெயர். அகான் பாஷையில் 'பாலூட்டும் நல்ல தாய்' என்று அர்த்தம். விதைக்குப் பெயர் வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. வடக்கே நவ்ரோங்கோவில் நடந்த பரிசோதனையில், நான்கு மாதத்துக்கொரு முறை வைட்டமின் 'ஏ' கொடுத்ததால் குழந்தை மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 1993-இல் அது வெளியாயிற்று. மொத்தத்தில், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் 2008-இல் 100-க்கு 28 பேர். 2022-இல் 18 பேர். இது சாமானியமான வெற்றியல்ல. ஆனாலும் 18 என்பது 18-தான். 1911-இலேயே உலகத்துக்கு மிக அதிகமாகக் கோக்கோ விற்ற தேசம் இது. பல தேசத்துக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மண்ணில், சொந்தக் குழந்தைகளுக்குக் கடலை அளந்து போட வேண்டியிருக்கிறது.

மரத்தடியில் இன்னொரு காட்சியும் கண்டேன். குழந்தைகளை எடை பார்த்த கையோடு பாட்டிமாருக்கு ரத்தக் கொதிப்பும் பார்த்தார்கள். ஆன்ட்டியின் கையில் பட்டையைக் கட்டிய தாதி, எண்ணைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆன்ட்டிக்கு ரத்தக் கொதிப்பு நாலு வருஷமாக இருக்கிறது. மாத்திரை வாங்கக் காசிருந்தால் மாத்திரை, இல்லாவிட்டால் பிரார்த்தனை. மகளுக்கோ உடம்பு பருத்துக்கொண்டு போகிறது. ஒரே பானையிலிருந்து உண்ணும் ஒரே வீட்டில் பேரனுக்குச் சத்தில்லை, மகளுக்குக் கொழுப்பு, பாட்டிக்கு உப்பு! பசி, பழைய வேஷத்தைக் கலைத்துவிட்டுப் புது வேஷம் போட்டு வந்திருக்கிறது. மீன் இருந்த இடத்தில் கருவாட்டுத் துண்டும், ரசக் கட்டி என்று விற்கும் உப்புக் கட்டியும் வந்து விட்டன. தெருமுனையில் பொரித்த சோறும், பொட்டலச் சேமியாவும், சர்க்கரைப் பானமும் மலிவாகக் கிடைக்கின்றன. அடுப்பு மூட்ட இடமில்லாத ஒற்றை அறைக்காரர் வேறு என்ன செய்வார்? 2022-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் கானாவின் வயது வந்த ஸ்திரீகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் அளவுக்கு மீறிப் பருத்தவர்கள். பணக்காரத் தேசங்கள் கழித்துக் கட்டிய வான்கோழி வால் முதலிய கொழுப்புக் கழிவுகள் கப்பலேறி வந்ததைக் கண்டு, 1990-களின் தொடக்கத்திலேயே இறைச்சியில் இவ்வளவுக்கு மேல் கொழுப்பு இருக்கக் கூடாது என்று கானா சட்டம் செய்தது. 2023-இல் இனிப்புப் பானங்களுக்கும் வரி போட்டது. வரி போட்டால் விலை ஏறும். விலை ஏறினால் காராமணி மலிவாகுமா என்று ஆன்ட்டி கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் டிரைவரைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

அந்தச் சனிக்கிழமையே ஹோமோவோ. முந்தின நாள் இரட்டைப் பிள்ளைகளுக்கு விழா. வெள்ளையுடுத்தி ஊரே ஆடியது. பண்டிகையன்று புளித்த சோள மாவை ஆவியில் வேகவைத்துச் செம்பனை எண்ணெய் விட்டுப் பிசறிய 'ப்போப்போய்' என்னும் பிரசாதம் வீட்டுக்கு வீடு தயாராயிற்று. உதிர்த்த புட்டு மாதிரி, பொன்னிறமாக இருக்கும். ராஜா பரிவாரத்தோடு வந்து, முன்னோர்களுக்கென்று அதைத் தெருவெங்கும் பிடி பிடியாகத் தூவினார். மேளம் ஒரு மாத மௌனத்துக்கும் சேர்த்து வட்டி வாங்கியது. பசியை நோக்கி அத்தனை ஜனங்களும் கூவினார்கள், நானும் கூவினேன்.

ஆன்ட்டி வீட்டு முற்றத்தில் ஒரே பெரிய தாலத்தைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். பனங்கொட்டைச் சாற்றில் புகை மீன் மிதந்தது. சிறியவள் தாயின் மடியில் பால் குடித்துக் கொண்டிருந்தாள். மூத்தவன் சற்றுத் தள்ளி, சுவரில் சாய்ந்து விரல் சூப்பிக் கொண்டிருந்தான். எனக்கு மரியாதையாக ஒரு பெரிய மீன் துண்டைத் தள்ளி வைத்து, "நீங்கள் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள்" என்றார் ஆன்ட்டி. நான் அந்தத் துண்டைப் பையன் பக்கம் காட்டினேன். கிழவி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு பேரனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, மீனை இரண்டாகப் பிய்த்து, முள்ளைத் தேடித் தேடி எடுத்துத் தம் முழங்காலின் மேல் ஒவ்வொன்றாக வரிசையாய் வைத்தார். கடைசி முள்ளும் வந்த பிறகுதான் அவன் வாயைத் திறக்கச் சொன்னார்.